துரைத்தனங்கள் தரையிறங்கிய கதை

ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் நாட்டில், கறுப்புக் காட்டின் ஓரம், மெட்லிங்கன் என்று ஒரு சிற்றூர். 1838இல் யோகான் கிறிஸ்டோஃப் புளூம்ஹார்ட் அங்கே பாதிரியாராக வந்து சேர்ந்தார். அவருடைய சபையில் கோட்லீபின் டிட்டுஸ் என்று ஓர் ஏழைப் பெண் இருந்தாள். தாய் தகப்பன் இல்லை. கூடப் பிறந்தவர்களோடு ஒரு சிறிய வீட்டில் குடியிருந்தாள். அந்த வீட்டில் இரவானால் தட்டும் சத்தம், நடமாடும் உருவங்கள், அவளுக்கு வலிப்பு. ஊரே வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

புளூம்ஹார்ட் பேயோட்டுகிறவர் அல்ல. படித்த லூத்தரன் பாதிரியார். ஊரில் பேர் கெட்டுவிடுமே என்ற தயக்கமும் அவருக்கு இருந்தது. தனியாகப் போகாமல் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டே போனார். மந்திரம், தீர்த்தம், சடங்கு எதுவும் கிடையாது. உட்கார்ந்து ஜெபம் பண்ணினார், அவ்வளவுதான். 1842இல் தொடங்கியது ஏறக்குறைய இரண்டு வருடம் இழுத்தது. 1843 டிசம்பர் கடைசியில் ஒரு நடுராத்திரி, நோயாளியின் வாயிலிருந்து அல்ல, அவளுடைய தங்கை கத்தரீனாவின் வாயிலிருந்து, இயேசு ஜெயித்துவிட்டார் என்ற ஓலம் எழுந்தது. அதோடு கோட்லீபினுக்குச் சுகம் வந்தது. அவள் பிற்காலத்தில் பாதிரியார் குடும்பத்தோடேயே இருந்து உழைத்து, அவர்கள் பாட் போல் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தபோது கூடவே போனாள்.

இதை நம்புவதும் நம்பாததும் படிக்கிறவர் பாடு. எனக்குச் சுவையாகப் படுவது அடுத்த தலைமுறையில் நடந்தது. அந்தப் போராட்டம் தொடங்கிய அதே 1842இல் பாதிரியாருக்கு ஒரு மகன் பிறந்தான், பெயர் கிறிஸ்டோஃப். அப்பாவுக்குப் பிறகு பாட் போலை அவர்தான் நடத்தினார். சுகமளிக்கும் கூட்டங்களுக்கு ஜனம் திரண்டு வந்தது. அவரோ அந்தக் கூட்டங்களைத் தாமே கைவிட்டார். 1899இல் வேலைநிறுத்தம் செய்கிற தொழிலாளர்களை ஒடுக்க ஜெர்மன் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தபோது, தொழிலாளர் கூட்டத்தில் ஏறிப் பேசிவிட்டு சோஷியல் டெமாக்ரடிக் கட்சியில் சேர்ந்துவிட்டார். அன்றைய சபைக்கு அது நாத்திகர்களின் கட்சி. பாதிரியார் பட்டத்தைத் திருப்பிக் கொடு என்றது மேலிடம், கொடுத்துவிட்டார். 1900இலிருந்து ஆறு வருடம் வூர்ட்டெம்பெர்க் சட்டமன்றத்தில் உட்கார்ந்தார்.

வெளியிலிருந்து பார்த்தால் தகப்பன் ஒரு பாதை, மகன் வேறு பாதை. மகனுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண்ணின் உடம்பைப் பிடித்து ஆட்டியதைத் தகப்பன் பார்த்தார். ஒரு ஊரின் ஆலைகளையும் கூலியையும் பிடித்து ஆட்டுவதை மகன் பார்த்தார். அதற்கு அவர் வைத்த பெயர், இயேசுவே சொன்ன பெயர்தான்: மாமோன், அதாவது எசமானாகிவிட்ட செல்வம். பேயோட்டும் அறையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன இந்த ஒற்றை வழியில்தான், நிறுவனங்களுக்கும் ஆட்சிகளுக்கும் பின்னால் ஆவிக்குரிய சக்திகள் உண்டு என்ற பழைய கிறிஸ்தவ எண்ணம் நம் காலத்துக்கு ஏற்ற உருவத்தில் மறுபடி பிறந்தது.

மறுபடி என்று சொன்னேன். முதல் பிறப்பு மிகப் பழையது. தானியேல் புத்தகத்தில் பெர்சியா ராஜ்யத்துக்கு ஓர் அதிபதி உண்டு, கிரேக்குக்கு ஓர் அதிபதி உண்டு, இஸ்ரவேலுக்கு மிகாவேல் உண்டு. பூமியில் ராஜாக்கள் மோதும்போது மேலே இவர்கள் மோதுகிறார்கள். ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு தூதன் என்ற இந்த யூத நம்பிக்கையைத்தான் பவுலின் நிருபங்கள் எடுத்துக்கொண்டன. நம் வேதாகமத் தமிழில் துரைத்தனங்கள், அதிகாரங்கள், கர்த்தத்துவங்கள், சிங்காசனங்கள் என்று வரிசையாக வருகிறவை இவைதான். எபேசியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், நமக்குச் சண்டை மனிதரோடு அல்ல, இவற்றோடு என்று வருகிறது. (அந்த நிருபத்தைப் பவுலே எழுதினாரா, அவருடைய சீடர் எழுதினாரா என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு உண்டு. இந்தக் கதைக்கு அது குறுக்கே வராது.)

நிருபத்தின் பெயரில் இருக்கும் அந்த எபேசு பட்டணத்தில் என்ன நடந்தது என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் பத்தொன்பதாம் அதிகாரம் நேரில் நின்று பார்த்ததுபோல் எழுதி வைத்திருக்கிறது. தெமேத்திரியு என்று ஒரு தட்டான். தியானாள் தேவியின் கோயிலை வெள்ளியில் சின்னதாகச் செய்து விற்கிற தொழில். பவுலின் பிரசங்கத்தால் விற்பனை படுத்துவிட்டது. அவன் தொழிலாளர்களைக் கூட்டிப் பேசும்போது, முதலில் வருமானம் போகிறது என்கிறான். அடுத்த மூச்சில், தேவியின் மகத்துவம் போகிறது என்கிறான். இரண்டும் அவன் வாயில் ஒன்றாகவே வருகின்றன. அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. கூலியும் பக்தியும் பட்டணப் பெருமையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் எது எதற்காக என்று உள்ளே இருக்கிறவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. கூட்டம் அரங்கசாலைக்குள் பாய்ந்து, இரண்டு மணி நேரம் தேவியின் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அங்கே லூக்கா ஒரு வரி எழுதுகிறார்: வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எதற்காகக் கூடினோம் என்றே தெரியவில்லை.

இங்கே குற்றவாளி யார்? தட்டானா, தேவியா, கூட்டமா? இவர்கள் எல்லாரையும் சேர்த்து ஓட்டுகிற, ஆனால் இவர்களில் ஒருவருமல்லாத ஒன்று அந்த அரங்கத்தில் இருந்தது. துரைத்தனம் என்று ஆதிச் சபை சொன்னது அதைத்தான்.

பவுல் இன்னும் ஒரு படி போனார். கொலோசெயர் நிருபத்தில், இந்தத் துரைத்தனங்கள் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டவை என்கிறார். அதாவது பிறவியிலேயே பிசாசு அல்ல. அடுத்த அதிகாரத்தில் சிலுவையில் அவற்றின் ஆயுதம் பறிக்கப்பட்டது என்று சொல்லி ஒரு ரோமப் படத்தைக் காட்டுகிறார். போரில் ஜெயித்த தளபதி தோற்ற ராஜாக்களைச் சங்கிலியில் கட்டி ரோம வீதியில் ஊர்வலம் விடுவான். அந்த ஊர்வலத்தில் கட்டுண்டு நடப்பவர்கள் இங்கே துரைத்தனங்கள். ஊர்வலம் விடுகிறவனோ ரோமனால் கொல்லப்பட்ட ஒரு யூதத் தச்சன். இதை ரோமப் பேரரசுக்குள் உட்கார்ந்து எழுத நெஞ்சுரம் வேண்டும்.

பிறகு கான்ஸ்டன்டீன் வந்தார், சபையே அரண்மனைக்குள் போய்விட்டது. ஆட்சிக்குப் பின்னால் என்ன ஆவி இருக்கிறது என்று அரண்மனைக்குள் இருந்துகொண்டு கேட்பது சங்கடம். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுவாக்கில் டயனீசியஸ் என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் இந்தச் சொற்களையெல்லாம் எடுத்து வானத்தில் ஒன்பது வரிசைத் தேவதூதர்களாக அடுக்கினார். சிங்காசனங்கள் மேல் வரிசை, துரைத்தனங்கள் கீழ் வரிசை. பூமியில் நடந்த சண்டை வானத்தில் ஓர் உத்தியோகப் பட்டியலாக மாறியது. இடைக்காலம் முழுக்க அப்படியே கிடந்தது. அறிவொளிக் காலம் வந்ததும் தூதர்களே போய்விட்டார்கள், கூடவே இதுவும் போயிற்று.

இந்த எண்ணத்தை மறுபடி தரைக்கு இறக்கிவிட்டது முதல் உலகப் போர். கார்ல் பார்த் அப்போது சுவிட்சர்லாந்தில் சாஃபென்வில் என்ற ஆலை ஊரின் பாதிரியார். தொழிலாளர் பக்கம் நின்றதால் சிவப்புப் பாதிரியார் என்று பெயர். 1914 அக்டோபரில் கைசரின் போரை ஆதரித்து 93 ஜெர்மன் அறிவாளிகள் ஓர் அறிக்கை விட்டார்கள். அதில் பார்த்துக்கு இறையியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களின் கையெழுத்தும் இருந்தது. கெட்டவர்கள் அல்ல, ஐரோப்பாவிலேயே நன்றாகப் படித்த கிறிஸ்தவர்கள். அவர்களை எது இப்படிப் பேச வைத்தது? அடுத்த ஆண்டு, 1915 ஏப்ரலில், அவர் பாட் போலுக்குப் போய், வயதான கிறிஸ்டோஃப் புளூம்ஹார்ட்டைச் சந்தித்துப் பேசினார். அந்தக் கேள்வி பார்த்தை விடவில்லை; தம் கடைசிக் காலச் சொற்பொழிவுகளில் அவர் எசமானற்ற சக்திகள் என்று ஒரு பகுதியே பேசினார்: மனிதன் தானே உண்டாக்கி, பிறகு கட்டுப்பாடு இழந்து, அவன் தலைமேலேயே ஏறி உட்கார்ந்த சக்திகள். பேரரசு, மாமோன், சித்தாந்தம் என்ற பெரிய பெயர்களோடு விளையாட்டு, ஃபேஷன், போக்குவரத்து ஆகியவற்றையும் அதில் சேர்த்தார். சுவிஸ்காரர் ஒருவர் வாகன நெரிசலையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

நடுவில் இட்லர் வந்தார். ரோமர் நிருபம் பதின்மூன்றாம் அதிகாரத்தைக் காட்டி, மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்று ஜெர்மன் பாதிரிகள் ஆயிரக்கணக்கில் பிரசங்கித்த காலம். 1936இல் குந்தர் டேன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். அங்கே அதிகாரம் என்று வருவது அரசாங்கம் மட்டும் அல்ல, அதன் பின்னாலிருக்கும் தூதச் சக்தியும்தான் என்றார். அப்படியானால் அந்தச் சக்தி கிறிஸ்துவுக்குக் கீழ்ப்பட்டதாக இருந்தால்தான் அரசு அரசு, மீறினால் மிருகம். டேனுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. போரில் செத்தவர்களின் நினைவுச் சின்னங்களைக் கோயிலுக்குள் வைப்பதைக் கேள்வி கேட்டதற்காக, ஹாலே பல்கலைக்கழகத்தில் 1931இல் அவருடைய வகுப்பையே நாஜி மாணவர்கள் கூச்சலிட்டுக் கலைத்தார்கள். 1933இல் வேலையும் போயிற்று. இருபது வயதுப் பிள்ளைகள் முகத்தில் அவர் பார்த்தது என்ன என்பதை அந்தக் கட்டுரையிலிருந்து ஊகிக்கலாம்.

1937இல் பெர்லினுக்குப் படிக்கப்போன ஹெண்ட்ரிக் பெர்க்கோஃப் என்ற டச்சு இளைஞரும் அதையேதான் உணர்ந்தார். அந்தச் சக்திகள் காற்றிலேயே இருப்பதைக் கிட்டத்தட்ட நேராகவே உணர முடிந்தது என்று பிற்காலத்தில் எழுதினார். இனம், ரத்தம், மண், தேசம் என்ற சொற்களைக் கேட்டதும் சாதாரண மனிதரின் கண் மாறியது. 1953இல் அவர் எழுதிய ‘கிறிஸ்துவும் அதிகாரங்களும்’ ஒரு சின்னப் புத்தகம்தான். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதில் கை வைக்காமல் போனதில்லை.

பெர்க்கோஃப் சொன்னதை இப்படிச் சுருக்கலாம். அரசு, சட்டம், மரபு, ஒழுக்கம், பொதுஜன அபிப்பிராயம் இவையெல்லாம் குழப்பம் உள்ளே வராதபடி கடவுள் கட்டிய கரைகள். (டச்சுக்காரருக்குக் கரையின் அருமை தெரியாமலா இருக்கும்!) கரை தானே கடவுள் என்று நினைத்துக்கொண்டதுதான் வீழ்ச்சி. அதை அம்பலப்படுத்தியது சிலுவை. இயேசுவைக் கொன்றது ரவுடிக் கூட்டம் அல்ல. அந்தக் காலத்தில் உலகிலேயே உயர்ந்ததென்று பேர் வாங்கிய ரோம நீதியும், உயர்ந்ததென்று பேர் வாங்கிய யூத வேதப்பற்றும் சேர்ந்துதான். அன்றைக்கு அவற்றின் வேஷம் கலைந்தது. அதிகாரங்கள் போய்விடவில்லை, அவற்றின் தெய்வத்தன்மைதான் போயிற்று. இனி சபையின் வேலை என்ன என்றால், யூதனும் கிரேக்கனும், அடிமையும் ஆண்டையும் ஒரே பந்தியில் உட்காருவது. உன் பிடி எங்கள்மேல் செல்லாது என்று இனத்துக்கும் வர்க்கத்துக்கும் காட்டுவதற்கு அது போதும்.

அமெரிக்காவில் இந்த எண்ணத்தை வளர்த்தவர் பாதிரியார் அல்ல, வக்கீல். வில்லியம் ஸ்டிரிங்ஃபெலோ ஹார்வர்டில் சட்டம் முடித்துவிட்டு, 1956இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் சேரிக்குள் போய்க் குடியேறினார். கறுப்பர்களும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த தெரு; வீட்டுக்குள் கரப்பான் படை. குடித்தனக்காரர்களுக்கு வழக்காடினார். பனிக்காலத்தில் ஒரு வீட்டுக்கு வெந்நீர் வரவில்லை என்று வையுங்கள். காவலாளிக்குச் சாவி இல்லை. ஏஜெண்டுக்கு உத்தரவு இல்லை. வீட்டுக்காரருக்கு பாங்கு கடன் தரவில்லை. ஆய்வாளருக்கு நூறு வீடு பாக்கி. எவனைக் கேட்டாலும் அவன் சொல்வது உண்மை, குழந்தைக்கு மட்டும் சளி நின்றபாடில்லை. நம் ஊர் ஆபீஸ்களிலும் மேசைக்கு மேசை மேலிடம் மேலிடம் என்று கேட்டு அலைந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஸ்டிரிங்ஃபெலோ துரைத்தனத்தின் குணத்தை வக்கீல் மூளையோடு வகுத்தார். எந்த நிறுவனமும் ஏதோ ஒரு நல்ல வேலைக்காகத் தொடங்குகிறது. நாளாவட்டத்தில் தான் பிழைத்திருப்பதே அதன் வேலையாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் மனிதர்கள், தலைவர் உட்பட, அதற்குச் சேவகர்கள்; அவர்களைத்தான் அது முதலில் தின்கிறது. பல்கலைக்கழகமும் பென்டகனும் அறக்கட்டளையும் சபையும் இதற்கு விலக்கல்ல என்றார்.

1960களில் பாஸ்டனில் ஒரே நாளில் இரண்டு இடத்தில் அவருக்குப் பேச்சு இருந்தது: ஒரு இறையியல் கல்லூரி, ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல். வியாபாரம் படிக்கிறவர்களிடம் வேதாகமச் சொல்லெல்லாம் வேண்டாம் என்று முதலில் நினைத்தாராம், பிறகு மாற்றாமலே பேசினார். பிசினஸ் மாணவர்கள் நேரம் போனது தெரியாமல் கேள்வி கேட்டார்கள். கம்பெனிகளுக்குள் தாங்கள் பார்த்ததற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. இறையியல் மாணவர்களோ, இதெல்லாம் பழங்காலத்துக் கற்பனை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1970 ஆகஸ்டில், வியட்நாம் போருக்கு எதிராகக் கட்டாய ராணுவச் சேர்ப்பு ஆவணங்களை எரித்துவிட்டுத் தலைமறைவான ஜேசு சபைக் குரு டேனியல் பெரிகன் பிளாக் தீவில் எஃப்.பி.ஐ.யிடம் பிடிபட்டது ஸ்டிரிங்ஃபெலோவின் வீட்டில்தான். அடைக்கலம் கொடுத்ததாக அவர்மேல் வழக்கு வந்து, பிறகு தள்ளுபடியாயிற்று.

ஸ்டிரிங்ஃபெலோவைப் படித்துத்தான் வால்டர் விங்க் இந்தப் பக்கம் வந்தார். புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். 1982இல் லத்தீன் அமெரிக்காவுக்குப் போனார். சர்வாதிகாரி பினோசெயின் சிலேயில் சித்திரவதைப்பட்டவர்களிடம் உட்கார்ந்து கேட்டார். கேட்டுக் கேட்டு நம்பிக்கையிழந்து, உடம்புக்கும் முடியாமல் போயிற்று. அதன் பிறகு 1984, 1986, 1992 என்று மூன்று பெரிய புத்தகங்கள். மேலே பறக்கிற ஆவி வேறு, கீழே இருக்கிற நிறுவனம் வேறு என்று பார்க்காதே என்பதுதான் அவருடைய வாதம். கட்டடம், சம்பளம், விதிமுறை வெளிப்பக்கம். அதற்கு ஓர் உள்பக்கம் உண்டு, அதுதான் அதன் ஆவி. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு கடிதங்களும் சபைக்கு அல்ல, சபையின் தூதனுக்கு எழுதப்பட்டிருப்பதை அவர் பிடித்துக்கொண்டார். பாதிரியார் மாறுவார், மூப்பர்கள் மாறுவார்கள், அந்தச் சபையின் சுபாவம் நூறு வருடம் மாறாது, கடிதம் அதற்குத்தான். ஆதிக்க அமைப்பு தன்னை நியாயப்படுத்தும் கதையை அவர் பாபிலோனியத் தெய்வமான மார்துக்கின் கதையில் தொடங்கி பாப்பாய் கார்ட்டூன் வரை தேடினார்: வில்லன் அடிப்பான், நாயகன் கீரை தின்பான், திருப்பி அடிப்பான், உலகம் சரியாகிவிடும். தென்னாப்பிரிக்காவின் இனஒதுக்கலை அடிக்காமல் எதிர்ப்பது எப்படி என்று சிறுநூல் எழுதினார். பிறகு விசா மறுத்தும் அந்த நாட்டுக்குள் போனார்.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று இல்லை. பவுல் சொன்னது ஆளாக உள்ள ஆவிகளை, நீங்கள் சமூகவியலாக்கிவிட்டீர்கள் என்று ஆங்கிலேயப் பாதிரியார் ஜான் ஸ்டாட் போன்றவர்கள் மறுத்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அதே வசனத்திலிருந்து நேர் எதிர்த்திசையில் இன்னொரு பிள்ளையும் பிறந்தது: அமெரிக்கரான பீட்டர் வாக்னர் 1990களில் பரப்பிய பிராந்திய ஆவிகள் என்ற போதனை. ஊருக்கு ஊர் ஆவியின் பெயரைக் கண்டுபிடி, வரைபடம் போடு, நடந்துகொண்டே ஜெபி, கட்டு. நம் ஊர் உபவாச ஜெபங்களில் துரைத்தனங்களைக் கட்டுகிறோம் என்று கேட்கிற குரலில் இதன் எதிரொலி உண்டு. என் பார்வையில் அதன் குறை அது ஆவியை நம்புவதில் இல்லை. வட்டிக்கடையையும் சாதித் தெருவையும் தொடாமல், அவற்றுக்கு மேலே உள்ள காற்றோடு மட்டும் சண்டை போடுவதில் இருக்கிறது.

மதுரையில் பிஷப்பாக இருந்து, பிறகு சென்னையிலும் 1974 வரை பிஷப்பாக இருந்த லெஸ்லி நியூபிகின் தம் 1989ஆம் ஆண்டுப் புத்தகத்தில் துரைத்தனங்களுக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கினார். தமிழில் பிரசங்கித்த அவர் கடைசிக் காலத்தில் இதை எடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. சாதியைப் பார்த்தவருக்கு, ஆள் மாறினாலும் மாறாத ஒன்று உண்டு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. பெர்க்கோஃபின் சிறுநூலை 1962இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் மெனோனைட் சபையின் இறையியலாளர் ஜான் ஹோவர்ட் யோடர். 1972இல் அவர் எழுதிய ‘இயேசுவின் அரசியல்’ இந்த எண்ணத்தை உலகெங்கும் கொண்டுபோனது. அதில் அதிகாரங்களைப் பற்றி ஓர் அதிகாரமே உண்டு. அதே மனிதர் அந்த வருடங்களில் தம்மிடம் படித்த, தம்மோடு வேலை செய்த பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்திக்கொண்டிருந்தார். பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல் என்று 2015இல் ஒரு மெனோனைட் ஆய்விதழில் வெளிவந்த விரிவான கட்டுரை கணக்கிட்டது. புகார்கள் வந்தபோது அவர் கற்பித்த செமினரி விஷயத்தை வெளியே விடாமல் அமுக்கியது. 1980களில் அவர் சத்தமில்லாமல் விலகினார். 1992இல்தான் சபை விசாரணை தொடங்கியது. 1997இல் அவர் இறந்தார்.

இங்கே ஸ்டிரிங்ஃபெலோவின் வக்கீல் வாக்கியம் வரிக்கு வரி பலித்தது. செமினரியின் பெயர் பிழைக்க வேண்டும், அதற்குப் பெண்கள் வாயை மூட வேண்டும். ஆனால் இதை அதிகாரத்தின் ஆவி செய்தது என்று எழுதிவிட்டு நகர்ந்தால் யோடரின் கை தப்பித்துவிடும். இந்த எண்ணத்தின் பலவீனமான இடம் இதுதான். அமைப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது ஆள் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறான். நமக்கு மனிதரோடு சண்டையில்லை என்ற வசனத்தை, துன்புறுத்தப்பட்ட பெண்ணிடம் போய்ச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

2015 மார்ச்சில் அந்தச் செமினரி புலம்பல் ஆராதனை ஒன்று நடத்தி, பெண்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. யோடரின் சில புத்தகங்களுக்குப் பதிப்பகம் அவருடைய குற்றத்தைச் சொல்லும் ஒரு குறிப்பைச் சேர்த்தது. பெர்க்கோஃபின் அந்தச் சிறுநூலை ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள் இன்றும் யோடரின் மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறார்கள்.